கறிவேப்பிலை உப்பும் உப்புத்தான்

பிரஷர் கிளினிக்கில் "உப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்டால் அண்மைக் காலமாக ஒரே பதில்தான் அடிக்கடி காதில் விழுகிறது: "கடை உப்பே வாங்கிறதில்ல டொக்டர், வீட்டில செஞ்ச மூலிகை உப்புதான்." கறிவேப்பிலை, வல்லாரை, இஞ்சி, மிளகு, தேசிக்காய்த் தோல் எல்லாம் சொந்தத் தோட்டத்தில் பறித்தவை. கல்லுப்போடு சேர்த்து இடித்துக் காயவைத்துப் போத்தலில் போட்டிருக்கிறார்கள். வாசம் நன்றாகத்தான் இருக்கிறது. அமுக்கத்தை அளந்தால் 180க்கு 110. மாத்திரை என்னவாயிற்று என்றால், அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வருபவர்களும் இதைச் சொல்கிறார்கள், தம்புள்ளைப் பக்க மரக்கறிச் செய்கையாளர்களும் சொல்கிறார்கள். மிளகும் கராம்பும் சாதிக்காயும் வீட்டு வாசலிலேயே விளைகிற மாவட்டம் நம்முடையது. அந்தச் செல்வத்தை உப்பைக் குறைக்கப் பயன்படுத்தாமல், உப்பை நல்லதாகக் காட்டப் பயன்படுத்துகிறோமே என்பதுதான் என் கவலை.

போத்தலுக்குள் இருப்பது என்ன?

கால் கிலோ உப்பு, கால் கிலோ பச்சை இலை. பலரும் சொல்லும் அளவு இதுதான். பார்வைக்குச் சரிபாதி. ஆனால் இலை காய்ந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினாலே அதிகம். வல்லாரையில் அதுகூட மிஞ்சாது. உப்போ ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. கடைசியில் போத்தலில் முக்கால் பங்குக்கு மேல் உப்புத்தான். அதோடு, "மூலிகைதானே" என்ற தைரியத்தில் ஒரு கரண்டி போடுகிற கை இரண்டு போடுகிறது. முன்பைவிட அதிக உப்பு உடம்புக்குள் போகிறது.

உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை, வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவு. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி. கறியில் போடுவது மட்டுமல்ல, பாண், கருவாடு, மாசி, ஊறுகாய், சூப் கட்டி எல்லாமே இந்தக் கணக்குக்குள்தான்.

கிளினிக்கில் கேட்கும் கதைகள்

"கல்லுப்பும் இந்துப்பும் பிரஷரைக் கூட்டாது." கூட்டும். இந்துப்பிலும் மிகப் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைட்டுதான். அதிலுள்ள மற்றத் தாதுக்கள் உடம்புக்கு உதவும் அளவில் இல்லை. போதாததற்கு, இலங்கையில் 1995 முதல் சட்டப்படி உப்பில் சேர்க்கப்படும் அயடீன் இந்துப்பில் பெரும்பாலும் கிடையாது. 2025இல் உப்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த கல்லுப்பை மூட்டையாக வாங்கி வைத்தவர்கள் உண்டு. அந்த மூட்டையில் அயடீன் என்று எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர அயடீன் வேண்டும்.

"வெயிலில் வேலை செய்கிறோம், வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட வேண்டும்." கொழுந்து பறிப்பவருக்கும் வெங்காயம் கிண்டுபவருக்கும் தேவை தண்ணீர். மூன்று வேளைச் சாப்பாட்டில் உள்ள உப்பே அவர்களுக்குத் தாராளம்.

"தலை சுற்றவில்லை, பிரஷர் இறங்கிவிட்டது." குருதியமுக்கம் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாமலே இருதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மாத்திரையை நிறுத்தியவர்களைத்தான் பாரிசவாதத்தில் வாய் கோணிய பிறகு தூக்கிவருகிறார்கள். முருங்கையிலைக் கசாயமோ பூண்டோ இலை உப்போ அந்த மாத்திரையின் இடத்தை எடுக்காது. இதை எத்தனை முறை சொல்வது?

இன்னொன்று, ஆபத்து மிகுந்தது. "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் கிடைப்பதை வாங்கி இலையோடு கலக்கிறார்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ள வளர்ந்தவர்களுக்கு அது உதவும். 2025இல் உலக சுகாதார அமைப்பும் அப்படித்தான் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரக நோயாளிகளை அந்தப் பரிந்துரை சேர்க்கவில்லை. வில்கமுவ போன்ற சிறுநீரக நோய் பரவிய பகுதிகள் உள்ள மாவட்டத்தில், யாருக்கு நோய் இருக்கிறது என்பது பலருக்கே தெரியாது. லொசாட்டன், எனலப்ரில், ஸ்பைரோனோலக்டோன் குடிப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். ஏறினால் இருதயம் நின்றுபோகக்கூடும். டொக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சாதிக்காயையும் ஒரு கைப்பிடி இடித்துப் போடுகிறார்கள். தூள் அதிகமாக உள்ளே போனால் நெஞ்சு படபடக்கலாம், வாந்தி வரலாம், புத்தி தடுமாறலாம். கறிக்கு ஒரு சிட்டிகை போதும்.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள்

உப்பே இல்லாத தூளாகச் செய்யுங்கள். கறிவேப்பிலை, ரம்பை, இஞ்சி, மிளகு, கொச்சிக்காய், தேசிக்காய்த் தோல். இலையைக் கழுவி, நிழலில் காயவைத்து, விரலால் நொறுக்கினால் பொடியாகும்வரை விடுங்கள். உப்பு இல்லாவிட்டால் கெடாமல் காப்பதற்கு ஒன்றும் இல்லை. ஈரம் துளி இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் கொஞ்சமாகச் செய்யுங்கள். கட்டி தட்டினால், மக்கல் வாசம் வந்தால், திரும்பக் காயவைக்காமல் கொட்டிவிடுங்கள்.

கட்டாயம் உப்புச் சேர்க்க வேண்டுமென்றால் காய்ந்து ஆறிய தூள் ஐந்து கரண்டிக்கு அயடீன் உப்பு ஒரு கரண்டி. உப்பை வறுக்கவோ வெயிலில் பரப்பவோ வேண்டாம், அயடீன் போய்விடும். பாண், கருவாடு போன்றவற்றில் உள்ள உப்பைக் கழித்தால், வளர்ந்த நாலு பேர் உள்ள வீட்டில் 400 கிராம் பைக்கற் ஒன்று மாதம் முழுக்க வரவேண்டும். அதற்குமுன் முடிந்தால் உப்புக் கூடுகிறது என்று அர்த்தம். புளிக்குக் கொறுக்காயும் காரத்துக்கு மிளகும் இருக்கும்போது உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. சில வாரம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை

இப்படி உப்புப் பாவித்துவந்தவர்கள் பார்க்க வேண்டியவை: அமுக்கம், சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியற்றினின், பொட்டாசியம். அவ்வளவுதான்.

தயவுசெய்து

35 வயது தாண்டிவிட்டதா? அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் அமுக்கத்தைக் காசு இல்லாமல் பார்க்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் போகும் என்று எனக்குத் தெரியும். படுக்கையில் விழுந்தால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டிவரும், அதையும் கணக்கில் எடுங்கள். கிளினிக்குக்கு வரும்போது கொப்பியோடு அந்தப் போத்தலையும் கொண்டுவாருங்கள், ஏசமாட்டேன். ஒரு வயதாகாத குழந்தையின் சோற்றில் உப்பே போடாதீர்கள், அம்மா.

யாருக்காவது வாய் கோணினால், ஒரு கை தூக்க வராமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஏறக்குறைய நாலரை மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் பலிக்கும். எப்போது தொடங்கியது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். கசாயமோ தேத்தண்ணியோ வாயில் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும்.