வால்வு மூடி கேஸ்கட்

வால்வு மூடி கேஸ்கட் அல்லது வால்வு மூடி அடைப்பிதழ் என்பது, உள் எரி பொறியின் சிலிண்டர் தலைப்பகுதிக்கும் அதன்மேல் பொருத்தப்படும் வால்வு மூடிக்கும் இடையே வைக்கப்படும் அடைப்புப் பொருள் ஆகும். வால்வுகளையும் அவற்றை இயக்கும் உறுப்புகளையும் நனைக்கும் மசகு எண்ணெய் வெளியே கசியாமலும், வெளியிலுள்ள தூசியும் நீரும் உள்ளே புகாமலும் இது காக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது "டேப்பட் கவர் பேக்கிங்" என்று வழங்கப்படுகிறது.

இது விலை குறைந்த உறுப்பு. அடிப்படைக் கருவிகளைக் கொண்டே மாற்றக்கூடியது. எனினும், புதிய கேஸ்கட் இட்ட பின்னும் கசிவு தொடர்வது அரிதன்று. கேஸ்கட்டின் தரத்தைவிட, அதை அழுத்திப் பிடிக்கும் போல்ட்டுகளின் தவறான தேர்வும் மிகையான இறுக்கமுமே பெரும்பாலும் இதற்குக் காரணமாகின்றன.

அமைப்பும் பணியும்

வால்வு மூடியின் உட்புறத்தில் உயர் அழுத்தம் இருப்பதில்லை. எரிதல் நிகழும் அறை இதற்குக் கீழே, சிலிண்டர் தலை கேஸ்கட்டால் தனியே அடைக்கப்பட்டுள்ளது. எனவே வால்வு மூடி கேஸ்கட் தெறிக்கும் சூடான எண்ணெயை மட்டுமே தடுக்க வேண்டும். இதற்குப் பெரும் விசை தேவையில்லை. விளிம்பு முழுவதும் சீரான, மிதமான அழுத்தமே தேவை. கேஸ்கட் பற்றிய மற்ற விதிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்திலிருந்தே பிறக்கின்றன.

இரட்டைக் கேம் தண்டு கொண்ட பல எஞ்சின்களில், ஸ்பார்க் பிளக்குகள் மூடியின் நடுவிலுள்ள குழிகளுக்குள் அமைந்திருக்கும். அத்தகைய எஞ்சின்களில் வெளிவிளிம்புக் கேஸ்கட்டுடன், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு ரப்பர் வளையமும் இருக்கும்.

கேஸ்கட் பொருட்கள்

* தக்கை: பழைய எஞ்சின்களில் பரவலாகப் பயன்பட்டது. சீரற்ற பரப்புக்கும் இணங்கும். ஆனால் காலப்போக்கில் உலர்ந்து, சுருங்கி, விரிசல் விடும்.
* தக்கை-ரப்பர் கலவை: தக்கையைவிட நீடித்து உழைக்கும்.
* நைட்ரைல் ரப்பர்: எண்ணெயைத் தாங்கும், தொடர்ந்த உயர் வெப்பத்தில் கடினமாகும்.
* அக்ரிலிக் ரப்பர், சிலிக்கோன் ரப்பர்: அதிக வெப்பத்தைத் தாங்கும். தற்கால எஞ்சின்களில் மூடியின் பள்ளத்துக்குள் அமரும் வகையில் வார்க்கப்படுகின்றன.

பழுதும் அறிகுறிகளும்

ரப்பர் நெடுங்காலம் வெப்பத்தில் அழுத்தப்பட்டிருந்தால் தன் மீள்தன்மையை இழந்து, அழுத்தப்பட்ட வடிவத்திலேயே நிலைத்துவிடும். அப்போது போல்ட்டை மேலும் இறுக்குவதால் பயனில்லை. கேஸ்கட்டை மாற்றுவதே வழி.

மூடியின் விளிம்பில் படியும் எண்ணெய் கலந்த தூசி, எரிந்த எண்ணெயின் நாற்றம், எண்ணெய் மட்டம் குறைதல் ஆகியன முதன்மை அறிகுறிகள். ஸ்பார்க் பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கினால் மின்பொறி தவறி, எஞ்சின் தடுமாறி ஓடக்கூடும்.

எஞ்சினின் அடிப்பகுதியிலுள்ள வாயுக்களை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைபட்டிருந்தால், உள்ளழுத்தம் கூடி, நல்ல கேஸ்கட்டின் வழியாகவும் எண்ணெய் வெளியேறும். ஆகவே கேஸ்கட்டை மாற்றும் முன் அந்த வால்வைச் சோதிப்பது இன்றியமையாதது.

தீ ஆபத்து

பல எஞ்சின்களில் வால்வு மூடிக்கு நேர் கீழே, எரிந்த வாயுக்களை வெளியேற்றும் சூடான குழாய்த் தொகுதி அமைந்துள்ளது. அதன்மேல் சொட்டும் எண்ணெய் தீப்பற்றக்கூடும். இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 3.8 லிட்டர் வி6 எஞ்சின் ஆகும். இவ்வெஞ்சின் கொண்ட ஏறத்தாழ 15 இலட்சம் கார்களை அந்நிறுவனம் 2009 ஏப்ரலில் திரும்ப அழைத்தது. கடுமையாகப் பிரேக் இடும்போது எண்ணெய்த் துளிகள் சூடான குழாயின்மீது விழுந்து தீப்பற்றி, அருகிலிருந்த ஸ்பார்க் பிளக் கம்பிகளின் பிளாஸ்டிக் தாங்கிக்குப் பரவக்கூடும் என்பதே காரணம்.

சரிசெய்யப்பட்ட கார்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீ நிகழ்வுகள் ஏற்பட்டதால், 2015 அக்டோபரில் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 14 இலட்சம் கார்கள் மீண்டும் அழைக்கப்பட்டன. வயதாலும் வெப்பத்தாலும் வால்வு மூடி கேஸ்கட் நலிவடைந்து எண்ணெய் கசிவதே இம்முறை காரணமாகக் குறிப்பிடப்பட்டது. பெரும்பாலான தீ, காரை நிறுத்திவிட்டுச் சென்ற சில நிமிடங்களில் உண்டானது. சரிசெய்யும் வரை இக்கார்களைக் கட்டடங்களுக்குள் நிறுத்த வேண்டாம் என உரிமையாளர்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

மாற்றும் முறை

எஞ்சினுக்கு எஞ்சின் விவரங்கள் மாறுபடும். பொதுவான படிகள் வருமாறு:

1. எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்த பின், மின்கலத்தின் எதிர்முனை இணைப்பு நீக்கப்படுகிறது.
2. மூடியின்மேல் உள்ள இக்னிஷன் காயில்கள், கம்பிகள், குழாய்கள் ஆகியன அடையாளமிட்டுக் கழற்றப்படுகின்றன.
3. போல்ட்டுகள் ஓரங்களிலிருந்து நடுப்பகுதி நோக்கி, சிறிது சிறிதாகத் தளர்த்தப்படுகின்றன. ஒரே மூடியில் வெவ்வேறு நீளமுள்ள போல்ட்டுகள் இருக்கலாம் என்பதால், ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எடுத்த வரிசைப்படியே குத்தி வைப்பது நல்லது.
4. மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டலாம். அலுமினியப் பரப்புகளுக்கு இடையே திருப்புளியைச் செருகி நெம்பினால் கீறல் விழும். அக்கீறலே பின்னர் கசிவுப் பாதையாகும்.
5. திறந்த பகுதிகள் துணியால் மூடப்பட்டு, பழைய கேஸ்கட்டின் எச்சங்கள் பிளாஸ்டிக் சுரண்டியால் அகற்றப்படுகின்றன. இரு பரப்புகளும் எண்ணெய்ப் பசையின்றித் துடைக்கப்படுகின்றன. போல்ட் துளைகளுக்குள் தேங்கிய எண்ணெயையும் எடுத்துவிட வேண்டும்.
6. வார்க்கப்பட்ட ரப்பர் கேஸ்கட் பொதுவாக உலர்ந்த நிலையிலேயே பள்ளத்தில் அமர்த்தப்படுகிறது. கேம் தண்டின் தாங்கிகள் அமர்ந்துள்ள படிகளிலும் அரைவட்ட மூலைகளிலும் மட்டும் சிலிக்கோன் பசை சிறிதளவு இடப்படுகிறது. விளிம்பு முழுவதும் பசை இட்டால் கேஸ்கட் வழுக்கி நழுவும்; உள்ளே பிதுங்கும் துணுக்குகள் எண்ணெய் வடிகட்டியை அடைக்கவும் கூடும்.
7. எல்லாப் போல்ட்டுகளும் முதலில் விரலால் மட்டும் திருகப்படுகின்றன. பின்னர் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, இரண்டு அல்லது மூன்று சுற்றுகளில், குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு இறுக்கப்படுகின்றன.
8. திறந்த பகுதிகளை மூடிய துணிகள் அனைத்தும் எடுக்கப்பட்டனவா என்பது ஏழாம் படிக்கு முன்னரே உறுதி செய்யப்பட வேண்டும். பசை உலரத் தேவையான நேரம் கழிந்த பின் எஞ்சின் இயக்கப்பட்டு, கசிவு உள்ளதா எனப் பார்க்கப்படுகிறது.

போல்ட் தேர்வு

தொலைந்த அல்லது துருப்பிடித்த போல்ட்டுக்கு மாற்று தேடும்போது ஐந்து பண்புகள் கருதப்படுகின்றன.

புரி

ஜப்பானிய, ஐரோப்பிய எஞ்சின்களில் எம்6 × 1.0 அளவு பரவலாக உள்ளது. அதாவது விட்டம் 6 மி.மீ., அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே 1 மி.மீ. பழைய அமெரிக்க எஞ்சின்களில் கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரிகளும் கொண்ட போல்ட் காணப்படுகிறது. இதன் விட்டம் 6.35 மி.மீ., புரியிடைத் தூரம் 1.27 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கால் அங்குலத் துளையில் எம்6 போல்ட்டைத் திருகினால் சில சுற்றுகள் உள்ளே சென்று இறுகும். நன்கு பிடித்துவிட்டது போலத் தோன்றினாலும், உண்மையில் அது துளையின் புரிகளைச் சிதைத்துக்கொண்டிருக்கும். புரி அளவியைக் கொண்டு சோதிப்பதே பாதுகாப்பானது.

நீளம்

அலுமினியத்தில் போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை புரி ஈடுபட வேண்டும். எம்6 போல்ட்டுக்கு இது 9 முதல் 12 மி.மீ. ஆகும். எடுத்துக்காட்டாக, மூடியின் விளிம்பு, வாஷர், அழுத்தப்பட்ட கேஸ்கட் ஆகியவற்றின் மொத்தத் தடிமன் 10 மி.மீ. எனில், 20 மி.மீ. நீளப் போல்ட்டின் 10 மி.மீ. துளைக்குள் செல்லும்; இது போதுமானது. அதே இடத்தில் 25 மி.மீ. போல்ட்டை இட்டால், 14 மி.மீ. ஆழமுள்ள துளையின் அடியில் அது முட்டி நின்றுவிடும். கையில் இறுக்கம் தெரியும். ஆனால் மூடி அழுத்தப்பட்டிராது. மிகக் குட்டையான போல்ட், மேற்புறத்தின் சில புரிகளை மட்டும் பற்றி அவற்றைப் பிய்த்துவிடும்.

தோள்

பல தற்கால மூடிகளில், புரிக்கு மேல் தடித்த உருளைப்பகுதி கொண்ட தோள் போல்ட்டுகள் உள்ளன. தோள் சிலிண்டர் தலையைத் தொட்டதும் போல்ட் மேற்கொண்டு இறங்காது. கேஸ்கட் எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதைத் தோளின் நீளமே முடிவு செய்கிறது. இறுக்குபவரின் கைவலிமை அன்று. இவற்றுக்குப் பதிலாகச் சாதாரணப் போல்ட்டை இட்டால் ரப்பர் நசுங்கும். பிளாஸ்டிக் மூடியில் விரிசல் விழும். போல்ட்டின் கழுத்திலுள்ள ரப்பர் வளையங்களும் கேஸ்கட்டுடன் சேர்த்தே மாற்றப்படுவது நல்லது.

வலிமை வகுப்பு

மெட்ரிக் போல்ட்டின் தலையில் 8.8 என்றிருந்தால், முதல் எண் இழுவலிமை 800 மெகாபாஸ்கல் என்பதையும், இரு எண்களும் சேர்ந்து நெகிழ்வு வலிமை 640 மெகாபாஸ்கல் என்பதையும் குறிக்கும். 12.9 வகுப்பு இதைவிட மிக வலியது என்றாலும், இவ்விடத்தில் அதனால் பயனில்லை. போல்ட் முறியாமல் தாங்கினாலும், அதைப் பற்றியுள்ள மென்மையான அலுமினியப் புரி முதலில் சிதையும்.

பொருள்

துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் அழகாகத் தோன்றும். ஆனால் ஈரமும் உப்பும் சேரும் இடங்களில், அலுமினியத்துடன் அது தொட்டிருக்கும்போது மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் கரையும். துத்தநாகப் பூச்சுள்ள 8.8 எஃகுப் போல்ட் பெரும்பாலான எஞ்சின்களுக்கு ஏற்றது.

முறுக்குவிசை

எம்6 போல்ட்டுகள் கொண்ட பல எஞ்சின்களில் குறிப்பிடப்படும் முறுக்குவிசை 8 முதல் 12 நியூட்டன் மீட்டர் வரை அமையும். சரியான அளவு அந்தந்த எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டில் தரப்பட்டிருக்கும். போல்ட்டில் உண்டாகும் இழுவிசையைத் தோராயமாகக் கணிக்க, முறுக்குவிசையை விட்டத்தாலும் உராய்வுக் காரணியாலும் வகுக்கலாம். உலர்ந்த புரிக்கு இக்காரணி ஏறத்தாழ 0.2.

10 ÷ (0.2 × 0.006) = ஏறத்தாழ 8,300 நியூட்டன்

அதாவது விரல் தடிமனுக்கும் குறைவான ஒரு போல்ட், ஏறத்தாழ 850 கிலோகிராம் எடைக்கு இணையான விசையுடன் இழுக்கிறது. புரியில் எண்ணெய் படிந்து காரணி 0.15 ஆகக் குறைந்தால், அதே முறுக்குவிசையில் இழுவிசை 11,100 நியூட்டனாக உயரும். கருவி காட்டும் அளவு மாறாமலேயே இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஐந்தாம் படியில் துளைகளைத் துடைக்கச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்க அலகுகளில் 10 நியூட்டன் மீட்டர் என்பது ஏறத்தாழ 89 அங்குல-பவுண்டு. இதை 89 அடி-பவுண்டு எனத் தவறாகப் படித்தால் முறுக்குவிசை பன்னிரண்டு மடங்காகும். அதற்கு வெகு முன்னரே போல்ட் முறியும் அல்லது புரி சிதையும். சக்கரப் போல்ட்டுகளுக்கான பெரிய டார்க் ரெஞ்ச் இவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது. சிறிய அளவுக்கான கருவி தேவை.

ஓர் எடுத்துக்காட்டு: செவ்ரோலே வி8

1955ல் அறிமுகமான செவ்ரோலேயின் சிறிய வகை வி8 எஞ்சினில், மெல்லிய எஃகுத் தகட்டு மூடி அதன் விளிம்பிலுள்ள போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டது. கசிவு கண்டவர்கள் போல்ட்டை மேலும் இறுக்கினர். அதனால் துளைகளைச் சுற்றிய தகடு கீழ்நோக்கிக் குழிந்து, போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி மேலே வளைந்து, கசிவு கூடியது. வளைந்த விளிம்பை மரக்கட்டையின்மேல் வைத்துத் தட்டி நேராக்குவதும், போல்ட்டின் தலைக்கடியில் அழுத்தத்தைப் பரப்பும் நீண்ட தகடுகளை இடுவதும் வழக்கமான தீர்வுகளாயின. 1980களின் நடுப்பகுதியில் வடிவமைப்பே மாற்றப்பட்டு, போல்ட்டுகள் மூடியின் நடுக்கோட்டுக்கு நகர்த்தப்பட்டன. இதனால் விளிம்பு முழுவதும் அழுத்தம் சீராகப் பரவியது.

புரி சிதைந்தால்

சிதைந்த துளையில் பெரிய போல்ட்டை வலிந்து திருகுவதைவிட, துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதுப் புரி வெட்டி, அதில் எஃகுக் கம்பிச் சுருளைப் பொருத்துவது நம்பகமான முறை. இதனால் பழைய அளவுப் போல்ட்டையே மீண்டும் பயன்படுத்த இயலும். துளையிடும்போது விழும் உலோகத் துகள்கள் எஞ்சினுக்குள் செல்லாதபடி காப்பது மிக முக்கியம்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* மசகு எண்ணெய்
* முறுக்குவிசை
* திருகுப் புரி
* மின்வேதி அரிப்பு