கணக்கில் வராத புகை

2021 ஆகஸ்டில் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி., தனது ஆறாவது மதிப்பீட்டின் முதல் பகுதியை வெளியிட்டது. 234 அறிவியலாளர்கள் எழுதிய அந்த அறிக்கைக்கு 14,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் அடிப்படை. பூமி சூடாவதற்கு மனிதச் செயல்களே காரணம் என்று ஐயத்துக்கு இடமின்றி அறிவிக்கும் துணிவை அந்தக் கட்டுரைகளே தந்தன. எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்புப் பெருநிறுவனங்களின் ஆய்விதழ்களுக்கு அவற்றை வெளியிட்டதில் கணிசமான பங்கு உண்டு.

உலகத்துக்கே எச்சரிக்கையைக் கொண்டு சேர்க்கும் இந்த நிறுவனங்கள், தாங்கள் வெளியிடும் கார்பனுக்கு என்ன பதில் வைத்திருக்கின்றன?

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ், 2040-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவதாக உறுதியளித்திருக்கிறது. டெய்லர் அண்ட் பிரான்சிஸை நடத்தும் இன்ஃபோர்மாவும் நிகர பூஜ்ஜிய இலக்கை அறிவித்திருக்கிறது. 2020 அக்டோபரில் ஐ.நா.வும் சர்வதேசப் பதிப்பாளர் சங்கமும் சேர்ந்து, நீடித்த வளர்ச்சிக்கான பதிப்பாளர் உடன்படிக்கை ஒன்றையும் தொடங்கின.

உமிழ்வை மூன்று பிரிவாகக் கணக்கிடுவது உலக வழக்கம். நிறுவனம் நேரடியாக எரிக்கும் எரிபொருள் முதல் பிரிவு. வாங்கும் மின்சாரம் இரண்டாவது. இவை இரண்டையும் குறைப்பது ஒப்பீட்டளவில் எளிது. அலுவலகத்தைச் சிறிதாக்கலாம், காற்றாலை மின்சாரம் வாங்கலாம். பதிப்புத் துறையின் பெரும் சுமை மூன்றாவது பிரிவில்தான் இருக்கிறது. காகிதம், அச்சு, கப்பல் சரக்கு, சர்வர்கள், விமானப் பயணங்கள், வெளியாரிடம் கொடுத்துச் செய்விக்கும் வேலைகள் எல்லாம் அதில் அடங்கும்.

அந்த வேலைகளில் ஒரு பகுதி நம் ஊரில் நடக்கிறது. உலகின் பல முன்னணி ஆய்விதழ்களுக்கான பக்க வடிவமைப்பும் பிழை திருத்தமும் சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள நிறுவனங்களில் நடக்கின்றன. இங்கே ஓடும் கணினிகளின் மின்சாரமும் குளிர்சாதனமும் அந்த வெளிநாட்டு நிறுவனங்களின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தவை.

இந்த மூன்று பிரிவுகளையும் ஒழுங்காகக் குறைத்துவிட்டாலும் ஒரு பெரிய ஓட்டை மிஞ்சுகிறது. 2022 பிப்ரவரியில் பிரிட்டனின் ‘தி கார்டியன்’ நாளிதழ் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. காலநிலை ஆய்வுகளை வெளியிடும் எல்செவியர், எண்ணெய், எரிவாயு நிறுவனங்களுக்கு ‘ஜியோஃபேசெட்ஸ்’ என்ற தரவுச் சேவையையும் விற்றுவந்தது. ஆய்விதழ்களில் வந்த நிலவியல் வரைபடங்களைத் தொகுத்து, புதிய எண்ணெய் வளங்களைத் தேட உதவும் சேவை அது. தூய எரிசக்திக்கு மாறும் பாதையில் அத்துறைக்குத் துணைநிற்பதாக நிறுவனம் விளக்கம் தந்தது. ஊழியர்கள் சிலரே அதை ஏற்கவில்லை.

அப்படிக் கண்டெடுத்த எண்ணெய் எங்கோ எரியும்போது எழும் புகை, பதிப்பு நிறுவனத்தின் எந்தப் பிரிவிலும் பதிவாவதில்லை. 2050-க்குள் நிகர பூஜ்ஜியத்தை எட்ட, ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவை தவிரப் புதிய எண்ணெய் வயல்கள் தேவையில்லை என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் புதிய வயல்களைத் தேடக் கருவி விற்பவர், 2040 இலக்கை மட்டும் காட்டிப் பொறுப்பை முடித்துக்கொள்ள முடியாது.

இந்த நிறுவனங்கள் அழுத்தத்துக்கு அசையாதவை அல்ல. ரெலெக்ஸ், ரீட் எல்செவியர் என்ற பெயரில் இருந்தபோது லண்டனில் ஆயுதக் கண்காட்சி நடத்திவந்தது. அதே நிறுவனத்தின் மருத்துவ இதழான ‘தி லான்செட்’ 2005-ல் உரிமையாளரையே எதிர்த்து எழுதியது. மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2007-ல் ஆயுதக் கண்காட்சிகளிலிருந்து விலகுவதாக நிறுவனம் அறிவித்தது.

நிறுவனத்தை அசைக்கும் அந்தப் பலம் இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. பெரும்பாலான ஆய்விதழ்களில் கட்டுரை எழுதுபவருக்கும் ஊதியமில்லை, அதை மதிப்பாய்வு செய்பவருக்கும் ஊதியமில்லை. சந்தா கட்டுவதோ பெரும்பாலும் மக்கள் பணம். இந்தியா மட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்களுக்காக மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 2027-ல் அந்தக் காலம் முடிந்து மீண்டும் பேச்சு நடக்கும்போது, விலையோடு கார்பன் கணக்கையும் மேசையில் வைக்க வேண்டும்: எவ்வளவு உமிழ்கிறீர்கள், எங்கள் ஆய்வுகளை யாருக்கு, எதற்காக விற்கிறீர்கள் என்று அரசும் பல்கலைக்கழகங்களும் கேட்டாக வேண்டும்.