பழைய வீட்டு வண்டிகளில் புரொப்பேன் கணப்பு: கோளாறுகளும் காரணங்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும், படுக்கை, சமையலறை முதலியன அமைந்த மோட்டார் வண்டிகளில் குடும்பத்தோடு நெடும் பிரயாணம் செய்யும் வழக்கம் பரவியுள்ளது. பல்லாண்டுகள் ஓடிய பழைய வண்டிகளும் இன்னும் பயன்பட்டு வருகின்றன. உறைபனிக் காலத்தில் இவற்றின் உட்புறத்தை வெதுவெதுப்பாக வைத்திருப்பது புரொப்பேன் வாயுவினால் எரியும் கணப்பாகும். இது நள்ளிரவில் அணைந்துவிட்டால் குளிரினால் துன்பம் உண்டாகும்; பழுதுற்ற நிலையில் எரிந்துகொண்டிருந்தாலோ உயிருக்கே ஆபத்து நேரும். எனவே இதன் கோளாறுகளுக்குக் காரணம் காணும் முறை அறியத்தக்கது.

எரிபொருளின் இயல்பு

புரொப்பேன் சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில் −42° சென்டிகிரேடில் கொதிக்கிறது. பூட்டேனின் கொதிநிலையோ ஏறக்குறைய 0° ஆகும். ஆகையால் கடுங்குளிரில் பூட்டேன் திரவமாகவே தங்கிவிட, புரொப்பேன் ஆவியாகி வெளிவருகிறது. நம் நாட்டில் வழங்கும் சமையல் வாயு இவ்விரண்டும் கலந்தது. லடாக் போன்ற பிரதேசங்களில் குளிர்காலத்தில் சிலிண்டரிலிருந்து வாயு மந்தமாக வருவதற்கு இதுவே காரணம்.

கலத்திலிருந்து மிகுந்த அழுத்தத்துடன் வரும் வாயுவை ரெகுலேட்டர் என்னும் உறுப்பு, சுமார் 28 சென்டிமீட்டர் உயரமுள்ள நீர்த் தம்பத்தின் அழுத்தத்திற்குக் குறைத்துக் கணப்புக்கு அனுப்புகிறது.

கணப்பு இயங்கும் ஒழுங்கு

விசிறி பொருந்திய கணப்பில் நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. அறையின் வெப்பநிலை குறைந்ததும் தெர்மாஸ்டாட் மின்சுற்றை மூடுகிறது. 12 வோல்ட் பாட்டரியினால் விசிறி சுழலத் தொடங்குகிறது. விசிறி போதிய வேகத்தை அடைந்தபின், அதன் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளி, அதனுடன் இணைந்த சுவிட்சை மூடுகிறது. எரியறையில் எஞ்சியுள்ள வாயு வெளியேறச் சில விநாடிகள் கழிந்ததும், வாயு வால்வு திறந்து மின்பொறி தோன்றுகிறது. சுடர் உண்டாயிற்று என்பதை ஒரு மின்முனை உணர்ந்தால் மட்டுமே வால்வு தொடர்ந்து திறந்திருக்கும்.

எந்தப் படியில் இயக்கம் நின்றதென்று கண்டால், பழுது அந்தப் படியிலோ அதற்கு முந்திய படியிலோ இருத்தல் வேண்டும்.

விசிறி சுழலாவிடில்

உருகுகம்பி, மின்னிணைப்புகள், தெர்மாஸ்டாட்டின் தொடுமுனைகள் ஆகியவற்றை முதலில் சோதித்தல் வேண்டும். பழைய வண்டிகளில் இணைப்பு முனைகள் துருவேறித் தளர்ந்திருப்பது சாதாரணமாகக் காணப்படும் குறையாகும்.

விசிறி சுழன்றும் தீப்பற்றாவிடில்

இதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது பாட்டரியே. முழுதும் மின்னேற்றம் பெற்ற பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். விசிறி ஓடும்பொழுது மின்னழுத்தம் 10.5 வோல்ட் அளவுக்கு இறங்கினால், விசிறி சுழல்வதுபோல் தோன்றினும் காற்றின் வேகம் தகட்டைத் தள்ளப் போதாது. ஆகவே மின்னழுத்தத்தை விசிறி ஓடும்பொழுதே அளத்தல் வேண்டும். தகட்டில் தூசியோ நாய், பூனைகளின் உரோமமோ படிந்திருந்தாலும் இதே விளைவு ஏற்படும்.

அடுத்து வாயு வருகிறதா என்று பார்க்க வேண்டும். சமையல் அடுப்பு நன்றாக எரிந்தால், கலத்திலும் ரெகுலேட்டரிலும் பெரும் பழுதில்லை எனக் கொள்ளலாம். கலத்தின் வால்வை விரைவாகத் திறந்தால், மிகைப்பாய்ச்சலைத் தடுக்கும் உறுப்பு மூடிக்கொண்டு வாயுவைக் குறைத்துவிடும். அப்போது எல்லாச் சாதனங்களையும் மூடி, வால்வையும் மூடி, சற்றுப் பொறுத்து மெதுவாகத் திறத்தல் வேண்டும். சிலந்திகள் பர்னர் குழாய்களில் வலை பின்னுவதும், குளவிகள் வெளிப்போக்குக் குழாயில் மண்கூடு கட்டுவதும் உண்டு. ஆதலால் நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் இவற்றைத் தவறாது சோதிக்க வேண்டும்.

பற்றிய தீ அணைந்துவிடில்

சுடரில் உள்ள அயனிகளின் வழியே சிறிதளவு மின்சாரம் பாயும். உணரும் மின்முனை இதைக்கொண்டே சுடரை அறிகிறது. முனையில் கரியோ துருவோ படிந்தால், தீ எரிந்துகொண்டிருக்கும்போதே வால்வு மூடிவிடும்.

மிகப் பழைய கணப்புகளில் இதற்கு மாறாக எப்போதும் எரியும் ஒரு சிறு பைலட் சுடரும், அதில் காயும் வெப்ப மின்னிரட்டையும் இருக்கும். இரு வேறு உலோகங்களின் சந்திப்பைச் சூடாக்கினால் மின்சாரம் தோன்றும் என்பதைச் சீபெக் 1821-இல் கண்டார். இவ்வாறு தோன்றும் சுமார் 25 மில்லிவோல்ட் அழுத்தமே வால்வைத் திறந்தபடி பிடித்து வைக்கிறது. குமிழிலிருந்து கையை எடுத்ததும் சுடர் அணைந்தால், மின்னிரட்டையின் நுனி சுடரில் நன்கு அமையவில்லை, அல்லது அதன் இணைப்பு தளர்ந்துள்ளது, அல்லது அது பயனற்றுப்போய்விட்டது எனக் கருதலாம்.

சில நிமிடங்கள் எரிந்தபின் அணைவது வேறு வகை. வெப்பக் காற்று வெளிவரும் துவாரங்களைப் பெட்டிகளோ விரிப்புகளோ மறைத்தால், கணப்பு மிகையாகச் சூடேறி, காப்புச் சுவிட்சு அதை நிறுத்திவிடும்.

சுடர் மஞ்சளாயின்

இதுவே மிகவும் அஞ்சத்தக்க அறிகுறி. ஒரு கன அளவு புரொப்பேன் முற்றும் எரிய ஏறக்குறைய 24 கன அளவு காற்று வேண்டும். காற்றுப் போதுமாயின் சுடர் நீலமாயிருக்கும். குறைந்தால் மஞ்சளாகிப் புகைக்கரி படியும். கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் உண்டாகும். இதற்கு நிறமோ மணமோ இல்லை. இது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் சேர்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை தோன்றினால் உடனே வெளியேறி நல்ல காற்றை நாட வேண்டும்.

எரியறையின் உலோகச் சுவரில் வெடிப்பு ஏற்பட்டாலும் நச்சுவாயு உள்ளே கசியும். அத்தகைய சுவரை ஒட்டவைத்துப் பயன்படுத்தாமல், மாற்றிவிடுவதே முறை.

கசிவைச் சோதித்தல்

புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோரமாகத் தேங்கும். எனவே அதனை உணரும் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்துகின்றனர். இயற்கையில் மணமற்ற இவ்வாயுவில், கசிவை அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் போன்ற துர்நாற்றமுள்ள பொருள் சேர்க்கப்படுகிறது. அந்த நாற்றம் வீசினால் விளக்கின் சுவிட்சையும் தொடாமல் அனைவரும் வெளியேறி, வெளியிலுள்ள கலத்தின் வால்வை மூடுதல் வேண்டும். பழுது பார்த்தபின் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழிகள் எழும். தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிப்பது ஒருபோதும் கூடாது.