அருகில் போய் எடுக்கும் படம்

திருப்பதி என்றால் கோபுரம், கூட்டம், லட்டு. நாம் பார்த்த படங்கள் எல்லாம் இவைதான். திருமலை கல்யாண கட்டாவில் இரவு பகலாக மொட்டை போடுகிறவர்களையும், சித்தூர் மாங்கூழ் ஆலைகளில் கிளிமூக்கு மாம்பழம் அரியும் பெண்களையும் அவர்களுடைய வீட்டிலும் தெருவிலும் வைத்துப் பார்த்திருக்கிறோமா? அதற்கென்றே இருக்கும் கலை ஆவணப் புகைப்படம்.

செய்திப் படக்காரர் சம்பவம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஆவணப் படக்காரர் அதே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போவார். 1942இல் வாஷிங்டனில் கோர்டன் பார்க்ஸ், அரசு அலுவலகம் துடைக்கும் எல்லா வாட்சன் என்ற கறுப்பினப் பெண்ணை அமெரிக்கக் கொடியின் முன்னே துடைப்பத்தோடு நிறுத்திப் படமெடுத்தார். உலகம் அறிந்தது அந்த ஒரு படத்தைத்தான். அதன் பிறகும் வாட்சனின் வீடு, பேரப்பிள்ளைகள், தேவாலயம் என்று பார்க்ஸ் தொடர்ந்து போய் எடுத்தவைதான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

இந்த வேலைக்கு ஏற்றது 35 மி.மீ. லென்ஸ். ஜூம் லென்ஸைத் தூரத்தில் நின்றே இழுத்தால் முகம் மட்டும் மிஞ்சும், பின்னணி மங்கிவிடும். 35 மி.மீ.க்கு ஆளின் பக்கத்தில் போயாக வேண்டும். அப்போதுதான் அடுப்பு, கொடியில் காயும் துணி, காரை பெயர்ந்த சுவர் எல்லாம் சட்டகத்துக்குள் வரும். அவ்வளவு பக்கத்தில் போக அவர் மனசார சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் பழக்கத்தில்தான் வரும். இருட்டு வீட்டில் ஃபிளாஷ் அடிக்காமல் கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி வாசல் வெளிச்சத்திலேயே எடுப்பார்கள். படம் கொஞ்சம் புள்ளி தட்டும், தட்டட்டும்.

நம்மிடையே இதைச் செய்கிறவர் மு. பழனி குமார். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய பாரி இணையத்தளத்தில் உழைப்பவர்களின் வாழ்க்கையைப் படமாக்கிவருகிறார். தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022இல் முதலில் பெற்றவரும் அவரே. தன் தாயையும் எடுத்திருக்கிறார். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கலையைக் கற்றும் கொடுக்கிறார்.

சித்தூர், திருப்பதித் தெருக்களில் வளரும் தம்பி தங்கைகளே, கைபேசி போதும். வீட்டாரிலிருந்து தொடங்குங்கள். கேட்டுவிட்டு எடுங்கள். பெயர், தெரு, வேலை, தேதி எழுதிவையுங்கள். ஒரு பிரதி போட்டு அவர்கள் கையில் கொடுங்கள்.