தன் பெயரை மீட்டெடுத்த ஒருத்தி

ஒரு கதை நன்றாக விற்பனையாகிவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் எழுதுவது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம். அனேகமாக அது பழங்கஞ்சிக்குத் தண்ணீர் விட்டுப் பெருக்கிய கதையாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நூலை விடவும் என் மனதை உலுக்கிய இரண்டாம் நூல் ஒன்றை நான் வாசித்திருக்கிறேன். மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் வருகின்ற மாயக்கதைதான் அது. ஆனாலும் எங்களைப் போன்ற பெண்கள் வாசிக்கவேண்டிய கதை என்று நினைப்பதால் அதைப்பற்றி இங்கே எழுதுகிறேன்.

இதை எழுதியவர் உர்சுலா லெ குவின். 1929 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்து, 2018 இல் காலமானவர். இவரது தந்தை பெயர்பெற்ற மானிடவியலாளர். தாயும் ஓர் எழுத்தாளர். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் எழுதித் தரும்படி ஒரு பதிப்பாளர் கேட்டபோது லெ குவினுக்கு ஒரு கேள்வி எழுந்ததாம். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் நரைத்த தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, இவர்கள் இளைஞர்களாக இருந்தபோது எங்கே படித்தார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1968 இல் வெளிவந்த ‘ஏர்த்சீயின் மந்திரவாதி’.

ஏர்த்சீ என்பது நூற்றுக்கணக்கான தீவுகளைக் கொண்ட கற்பனை உலகம். அங்கே ஆடு மேய்த்துத் திரிந்த கெட் என்ற சிறுவன் மந்திரம் கற்கப் போகிறான். தன் திறமையைக் காட்டும் செருக்கில் ஒரு கரிய நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். பின்பு அந்த நிழலைத் தேடிச்சென்று எதிர்கொள்கிறான். நல்ல கதைதான். ஆனால் அவன் படித்த மந்திரப் பாடசாலையில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரம் என்றால் பலவீனமானது, கெட்டது என்ற பேச்சுத்தான் அந்த உலகத்தில் இருந்தது.

இரண்டாம் நூலான ‘அட்டுவானின் கல்லறைகள்’ 1971 இல் வந்தது. இதில் கதை முழுவதும் ஒரு பெண்பிள்ளையைச் சுற்றியே நகர்கிறது. கெட் பாதி நூல் வரையில் தலைகாட்டுவதேயில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் டெனார். ஒரு தலைமைப் பூசாரினி இறந்த இரவில் பிறந்தவள் என்பதால், இறந்தவளே மறுபிறவி எடுத்திருக்கிறாள் என்று தீர்மானித்து, ஐந்து வயதில் அவளைத் தாய் தகப்பனிடமிருந்து கொண்டுபோகிறார்கள். அவளைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பது முன்பே வீட்டாருக்குத் தெரியும். போகிற பிள்ளைமேல் ஏன் இவ்வளவு பாசம் வைக்கிறாய் என்று தகப்பன் தாயைக் கேட்கிறார். பொழுதுபடும் நேரத்தில் பழத்தோட்டத்தில் ஓடி விளையாடும் பிள்ளையைத் தாய் வீட்டுக்கு வரும்படி கூப்பிடுகிறாள். அந்தக் குரலுடன் கதை தொடங்குகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாய்க்கும் அந்தப் பக்கங்களைத் தாண்டிச் செல்வது கடினம்.

கோயிலில் சடங்கு செய்து டெனார் என்ற பெயரை எடுத்துவிடுகிறார்கள். இனி அவள் ‘அர்ஹா’. விழுங்கப்பட்டவள் என்பது அதன் பொருள். பெயரில்லாத இருட்டுத் தெய்வங்களுக்குப் பணி செய்வதே அவள் வாழ்க்கை. கல்லறைகளுக்கு அடியில், விளக்கு கொண்டுபோகக்கூடாத நிலத்தடிப் பாதைகளை அவள் கையால் தடவித் தடவியே மனப்பாடம் செய்கிறாள். எல்லோரும் அவளை வணங்குகிறார்கள். அவளோ ஒரு கைதி. அது அவளுக்கே தெரியாது. கௌரவம் என்று சொல்லிக் கொடுத்ததை அவளும் நம்பிவிடுகிறாள்.

இங்கேதான் ஆசிரியை துணிச்சலாக எழுதுகிறார். அர்ஹாவை ஒரு பாவமும் அறியாத அப்பாவியாக அவர் காட்டவில்லை. பலிக்காக அனுப்பப்பட்ட மூன்று கைதிகள் இருட்டில் பசியாலும் தாகத்தாலும் சாகவேண்டும் என்று அவளே கட்டளையிடுகிறாள். அதன்பின் கெட்ட கனவுகள் அவளை விடுவதில்லை. தீங்கு செய்யப்பட்டவளே பிறருக்குத் தீங்கு செய்யவும் பழக்கப்படுத்தப்படுகிறாள். இந்த உண்மையைச் சொல்லும் கதைகள் குறைவு.

பிறகு ஒரு நாள், விளக்கே எரியக்கூடாத அந்த நிலத்தடியில் வெளிச்சம் தெரிகிறது. உடைந்த மோதிரம் ஒன்றின் மறுபாதியைத் தேடி வந்திருக்கிறான் கெட். முதல் நூலில் ஓர் ஒதுக்குப்புறத் தீவில் கைவிடப்பட்ட கிழவி ஒருத்தி அவனுக்குக் கொடுத்த சிறு உலோகத்துண்டுதான் மற்றப் பாதி. அங்கே சிறு சம்பவமாக வந்தது இங்கே கதையின் வேராகிறது. அர்ஹா அவனை உள்ளே அடைத்துவிடுகிறாள். அவனைச் சாகவிடுவதுதான் அவளது கடமை. ஆனால் அவளால் முடியவில்லை. தண்ணீர் கொடுக்கிறாள். அவன் அவளது உண்மையான பெயரைச் சொல்லி அழைக்கிறான்.

அப்படியானால் ஒரு ஆண் வந்துதானா அவளைக் காப்பாற்றவேண்டும் என்று சிலர் கேட்கலாம். அவள் தண்ணீர் கொடுத்திராவிட்டால் அவன் செத்திருப்பான். அவள் வழிகாட்டாமல் அந்தப் பாதைகளிலிருந்து வெளியே வந்திருக்கவும் முடியாது. அவன் சொன்ன பெயர் அவனுடைய கொடையுமல்ல. அது அவளிடம் முன்பே இருந்தது. ஒருவரையொருவர் காப்பாற்றினார்கள் என்பதே சரி.

கல்லறைகள் இடிந்து விழுகின்றன, இருவரும் தப்புகிறார்கள். சாதாரணக் கதை அத்துடன் முடிந்திருக்கும். லெ குவின் முடிக்கவில்லை. வெளியே வந்த டெனார் மகிழ்ச்சியில் துள்ளவில்லை. இனி எங்கே போவது, யாருடன் இருப்பது என்று தெரியாமல் தவிக்கிறாள். தன்னை வெளியே கொண்டுவந்தவன்மீதே கோபம் கொண்டு ஒரு கணம் கத்தியை எடுக்கிறாள். இறந்தவர்களை நினைத்தும், வீணாய்ப்போன ஆண்டுகளை நினைத்தும் அழுகிறாள். விடுதலை என்பது சுமக்கவேண்டிய பாரம் என்று அப்போதுதான் அறிகிறாள். முதல் நூலில் கெட் தன் தவறை வென்றதும் அவன் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. இந்த நூலிலோ கதவு திறந்த பிறகுதான் வாழ்க்கையின் கடினமான பகுதி தொடங்குகிறது. முதல் நூலை இது மிஞ்சிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்கு வழங்கப்படும் நியூபெரி விருதின் கௌரவப் பட்டியலில் 1972 இல் இந்நூல் இடம்பெற்றது. டெனாரை ஆசிரியையும் மறக்கவில்லை. 1990 இல் எழுதிய ‘டெஹானு’ என்ற நூலில் அவளை நடுத்தர வயது விதவையாக, தோட்டம் செய்து பிழைப்பவளாகத் திரும்பவும் கொண்டுவந்தார். நெருப்பில் கருகி உயிர்தப்பிய ஒரு பெண்குழந்தையை அவள் எடுத்து வளர்க்கிறாள்.

யுத்தம் எங்களுக்கும் பல பெயர்களைச் சூட்டியது. அகதி, விதவை, காணாமற்போனவரின் மனைவி, தடுப்பிலிருந்து வந்தவள். படிவங்களை நிரப்பும்போது அவை தேவைப்படலாம். ஆனால் அவற்றுக்கு முன்பே எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் அம்மா பொழுதுபட்டதும் முற்றத்தில் நின்று கூப்பிட்ட பெயர் அது. உங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் மகளோ மருமகளோ இருந்தால், இந்த நூலை நூலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கிடைத்தால் இரவில் ஒவ்வோர் அத்தியாயமாக வாசித்து உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். பிள்ளையின் ஆங்கிலமும் வளரும், உங்களுக்கும் டெனாரைத் தெரியவரும்.