படுத்த பிறையும் நின்ற பிறையும்



புரட்டாதி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், "பிறை" என்னும் சொல்லை விளக்குவதற்காக எமது தமிழ்ப் பள்ளிக் கரும்பலகையில் ஒரு நிலாவை வரைந்தேன். இரு முனைகளும் மேலே நோக்க, தோணியைப் போலக் கிடந்தது அப்பிறை. "சேர், உங்கட நிலா விழுந்து கிடக்குது" என்றாள் முன்வரிசைச் சிறுமி. எழுந்து வந்து, பக்கத்திலே நிமிர்ந்து நிற்கும் பிறையொன்றை வரைந்தும் காட்டினாள். வகுப்பே சிரித்தது. சில நாள் கழித்து மாலை வேளையிற் சாலே ஆற்றுப் பாலத்தில் நின்று தென்மேற்கு வானத்தைப் பார்த்தேன். அவள் வரைந்ததே சரி. இந்நகரில் இத்தனை காலம் வாழ்ந்தும் நான் அதைக் கவனித்ததில்லை. நான் வரைந்தது யாழ்ப்பாணத்து வானிற் கண்ட பிறை.

நிலா ஒன்றே. அது பூமியிலிருந்து சராசரியாக 384,400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அத்தூரத்தோடு ஒப்பிட்டால் ஹாலேயும் யாழ்ப்பாணமும் அயல்வீடுகள். அப்படியாயின் ஓரிடத்திற் படுத்தும் ஓரிடத்தில் நின்றும் தோன்றுவது ஏன்?

முதலிற் பிறை என்பது யாதெனத் தெளிவோம். பூமியின் நிழல் விழுவதனாலேயே நிலா தேய்கிறது என்று பெற்றோருட் சிலரும் எண்ணியிருக்கக் கண்டேன். அது சந்திர கிரகணத்துக்கே பொருந்தும். சந்திரனுக்குத் தன்னொளி இல்லை. 3,474 கிலோமீற்றர் விட்டமுள்ள அக்கற்கோளத்தின் ஒரு பாதி எப்போதும் சூரிய ஒளியில் இருக்கும். அது பூமியைச் சுற்றிவர, அவ்வொளிப் பாதியில் எவ்வளவு எமக்குத் தெரிகிறதோ அதுவே பிறையும் பூரணையும். இருட்டறையில் மேசை விளக்கொன்றை ஏற்றி, நீட்டிய கையில் ஒரு தோடம்பழத்தைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்று பாருங்கள். பழம் விளக்குக்கு நேரே வரும்போது எம்பக்கம் இருள், அது அமாவாசை. விளக்கு முதுகுப்புறம் ஆகும்போது, தலையின் நிழல் படாமற் பழத்தைச் சற்று உயர்த்தினால், முழுவதும் ஒளிரும், அது பூரணை.

அமாவாசை நிலா சூரியனோடு எழுந்து சூரியனோடு மறையும். ஆதலால் அவ்விரவு முழுவதும் வானில் நிலவில்லை. இதை நான் புத்தகத்திற் படிக்கு முன்னரே என் தாயார் அறிந்திருந்தார். 1993ஆம் ஆண்டு, நான் சிறுவனாயிருந்தபோது, குடாநாட்டிலிருந்து வெளியேறக் கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகிற் கடக்க நேர்ந்தது. நிலவு இருந்தாற் படகு தெரியும். படகு தெரிந்தால் உயிருக்கு உறுதியில்லை. அம்மா நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மடியில் வைத்து நாள் எண்ணினார். மூன்றாம் பிறை வரை போகலாம், அது எட்டரை மணிக்குள் மறைந்துவிடும், அதற்குமேற் பொறுக்கக்கூடாது என்றார். நான் கேட்ட முதலாவது வானியற் பாடம் அதுவே.

இனிப் படுத்த பிறைக்கு வருவோம். பிறையின் ஒளிவிளிம்பு எப்போதும் சூரியன் உள்ள திசையையே காட்டும். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. அங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக அடிவானத்துள் இறங்குகிறது. பிறை அதற்கு மேலே நிற்பதால் அடிப்புறம் ஒளிபெற்றுத் தோணியாகிறது. ஹாலேயோ 51 பாகைக்கும் வடக்கே உள்ளது. இங்கே சூரியன் வலப்புறமாகச் சாய்ந்து சறுக்கி மறைவதால், பிறையின் வலப்பக்கமே ஒளிபெற்று அது நிமிர்ந்து நிற்கிறது. புரட்டாதி, ஐப்பசி மாலைகளில் இது மிகத் தெளிவு. பங்குனியில் இங்கும் பிறை ஓரளவு மல்லாந்து படுக்கும். ஊரிலும் ஆண்டு முழுவதும் ஒரே படுக்கையன்று. ஆகவே கரும்பலகையில் இருந்த இரண்டு படங்களுக்கும் முழுப் புள்ளி.

ஹாலேயில் இருந்துகொண்டு நிலாவைப் பற்றி எழுதுவோன் நெப்ரா வான்தட்டை விட்டுவிட முடியாது. எமது நகரின் மாநிலத் தொல்வரலாற்று நூதனசாலையிற் காக்கப்படும் அது, ஏறத்தாழ 32 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெண்கலத் தட்டு. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணிற் புதைக்கப்பட்டது. 1999இல் நெப்ரா என்னும் ஊருக்கு அருகே புதையல் தேடியோர் அதைக் களவாகத் தோண்டி விற்றனர். 2002இற் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பொலிசார் மீட்டனர். பொற்றகட்டினால் ஆன ஒரு பிறை, ஒரு முழுவட்டம், அவற்றிடையே நெருங்கிய ஏழு விண்மீன்கள். வட்டத்தைச் சூரியன் என்பாரும் பூரணை என்பாரும் உளர். ஏழு மீன்களும் நாம் கார்த்திகை எனக் கூறும் கூட்டமே எனப் பெரும்பாலான ஆய்வாளர் கொள்வர். எமது கார்த்திகை விளக்கீட்டுக் காலத்திற் பூரணை நிலா நிற்பது அக்கூட்டத்தின் அருகிலேதான். மாதத்தின் பெயரும் அதனால் வந்தது. அத்தட்டின் முன் நின்றபோது அது பிறர் பொருளாக எனக்குத் தோன்றவில்லை.

பிறையையும் கார்த்திகையையும் ஒன்றாக வைத்தது எதற்கு? ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 29½ நாள். அவ்வாறு பன்னிரண்டு மாதங்கள் கூடினால் 354 நாள். சூரிய ஆண்டோ 365 நாள். குறையும் 11 நாளைக் கவனியாது விட்டால், விதைப்பு மாதம் சில ஆண்டுகளிற் பனிக்காலத்துக்குப் போய்விடும். இளவேனிலிற் கார்த்திகைக்கு அருகே வரும் பிறை வழக்கத்திலும் தடித்திருந்தால் அவ்வாண்டுக்கு ஒரு மாதம் கூட்டுக என்னும் விதியையே தட்டு காட்டுகிறது என்பது சில ஆய்வாளரின் கருத்து. பாபிலோனியரின் களிமண் ஏடுகளில் இத்தகைய விதி எழுத்திலேயே உண்டு.

தீபாவளி ஏன் ஆண்டுதோறும் வேறு நாளில் வருகிறது என்று கேட்போருக்கும் விடை இதுவே. 2023இல் நவம்பர் 12. 2024இல் ஒக்ரோபர் 31. 2025இல் ஒக்ரோபர் 20. இவ்வாறே போனால் 2026இல் ஒக்ரோபர் 9 ஆகவேண்டும். ஆனால் அந்நாள் புரட்டாதியில் விழும். தீபாவளியோ ஐப்பசிக்கு உரியது. எனவே ஒரு நிலாமாதம் தள்ளி நவம்பர் 8. தைப்பொங்கல் சூரியனை மட்டும் பார்ப்பதால் ஜனவரி 14, 15ஐ விட்டு அசைவதில்லை. உங்கள் வகுப்பில் நோன்பு நோற்கும் நண்பரின் றமழான் மாதம் நிலாவை மட்டும் பார்ப்பதால், ஆண்டுக்குப் 11 நாள் வீதம் முன்வந்து எல்லாப் பருவங்களையும் சுற்றுகிறது.

அடுத்த அமாவாசை கழிந்த நாலாம் நாள் மாலை, முகில் இல்லையாயின், பிறையைக் கண்டு அப்படியே கொப்பியில் வரையுங்கள். ஊரிலுள்ள அம்மம்மாவையும் அங்கே பார்த்து வைக்கும்படி கேளுங்கள். ஆனால் இங்கு மாலையாகும்போது அங்கு நள்ளிரவை நெருங்கிவிடும், பிறையும் மறைந்திருக்கும். ஆகவே அன்று காலையிலேயே தொலைபேசியிற் சொல்லிவிடுங்கள்.