போன மாசம் என்ன பண்ணீங்க?

ஆகஸ்ட்ல ஒரு கம்பெனி இன்டர்வியூ. என் ரெஸ்யூமேல மூணு ப்ராஜெக்ட், நாலு ஆன்லைன் சர்டிஃபிகேட், அப்புறம் "பைதான், ஜாவா, எஸ்க்யூஎல் தெரியும்"னு ஒரு வரி. எதிரே இருந்தவர் பேப்பரை ஓரமா வச்சுட்டு, "போன மூணு மாசம் என்ன பண்ணீங்க? மாசம் மாசமா சொல்லுங்க"ன்னு கேட்டார். மே மாசம் பைதான் படிச்சேன் சார். ஜூன்? பைதான்தான் சார். ஜூலை? நான் சிரிச்சேன், அவரும் சிரிச்சார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

செஞ்சிக்குத் திரும்புற பஸ்ல அதே யோசனை. அந்த மூணு மாசமும் நான் சும்மா இருக்கலை. தினமும் ராத்திரி லேப்டாப் முன்னாடிதான் உட்கார்ந்திருந்தேன். ஆனா என்ன செஞ்சேன்னு எனக்கே சொல்லத் தெரியலை. கிட்ஹப்ல வரிசையா பச்சைக் கட்டம் இருந்துச்சு. திறந்து பார்த்தா பாதிக்கு மேல ரீட்மீ ஃபைல்ல கமா மாத்தினது.

அந்த வாரம்தான் மாச அறிக்கை எழுத ஆரம்பிச்சேன். நாலு மாசம் ஆச்சு. இது எப்படி வேலை செய்யுது, எங்க சொதப்பும்னு ஜூனியர்ஸுக்குச் சொல்லலாம்னுதான் இந்தக் கட்டுரை.

கட்டற்ற மென்பொருள் பக்கம் இது பழைய பழக்கம். டெபியனை எடுத்துக்கோங்க. 1993ல் இயான் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம் அது. நம்ம லேப்ல இருக்கிற உபுண்டுவுக்கும் அடித்தளம் அதுதான். அதன் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் டாய் ஸ்டோரி படத்துல வர்ற ஒரு கதாபாத்திரத்தின் பெயர் வைப்பாங்க. 2021ல் வந்தது புல்ஸ்ஐ, 2023ல் புக்வார்ம், 2025ல் ட்ரிக்ஸி. ஒரு வெளியீட்டுக்கு முதல் 3 வருஷம் டெபியனே பாதுகாப்புத் திருத்தங்கள் தரும். அதுக்கப்புறம் இன்னும் 2 வருஷம், எல்டிஎஸ்னு ஒரு நீண்டகால ஆதரவுக் குழு பார்த்துக்கும். இந்த ஏற்பாடு 2014ல் ஆரம்பிச்சது.

அந்த வேலை எவ்வளவு போர்னு யோசிச்சுப் பாருங்க. புதுசா எதுவும் கட்ட முடியாது. நாலு வருஷப் பழைய கோடு, அதுல நேத்து கண்டுபிடிச்ச ஓட்டை, அதை அடைக்கணும். ஆசைக்காக யாரும் மாசக்கணக்குல இதைச் செய்ய மாட்டாங்க. அதனால ஃப்ரெக்சியன் என்ற பிரெஞ்சு நிறுவனம் பல கம்பெனிகள்கிட்ட பணம் திரட்டி, டெவலப்பர்களுக்கு மணிக்கணக்குல சம்பளம் கொடுக்குது. பணம் வாங்குறவங்க மாசா மாசம் எல்லாரும் பார்க்கிற மாதிரி கணக்கு எழுதணும். எந்தப் பேக்கேஜைத் தொட்டேன், எந்த ஓட்டையை அடைச்சேன், எத்தனை மணி நேரம் ஆச்சு, மீதி நேரத்தை அடுத்த மாசத்துக்குக் கொண்டு போறேனா திருப்பிக் கொடுத்துட்டேனா, எல்லாமே அதுல இருக்கும்.

நான் சிலதைப் படிச்சுப் பார்த்தேன். பெருமையா எழுதியிருப்பாங்கன்னு நினைச்சுப் போனா, முடியாத வேலையையும் அதே குரல்ல எழுதியிருக்காங்க. புது வெர்ஷனுக்கு எழுதின திருத்தம் பழைய வெர்ஷனுக்குப் பொருந்தலை, இன்னும் டெஸ்ட் பண்ணணும், அந்த மாதிரி. காரணம் சிம்பிள். அடுத்து அந்தப் பேக்கேஜை எடுக்கிற ஆள் அந்த வரியில இருந்துதான் தொடங்கணும். ஷிஃப்ட் முடிஞ்சு போற நர்ஸ் அடுத்த நர்ஸுக்கு எழுதி வைக்கிற குறிப்பு மாதிரி.

மாணவர்களுக்கும் இதே கதைதான். அவுட்ரீச்சி இன்டர்ன்ஷிப் கிடைச்சா ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதணும். 2005ல் இருந்து நடக்கிற கூகுள் சம்மர் ஆஃப் கோடுலயும் நிறைய அமைப்புகள் வாராந்திர அப்டேட் கேட்கும். இதெல்லாம் கிடைச்ச பிறகு எழுதிக்கலாம்னு இருந்தா, என்னை மாதிரி இன்டர்வியூல சிரிச்சுட்டுத்தான் வரணும்.

என் அறிக்கைக்கு மூணே தலைப்பு: செய்தது, மத்தவங்களோட செய்தது, அடுத்த மாசம் கத்துக்கப் போறது. ஆகஸ்ட் அறிக்கையை இப்போ படிச்சா வெட்கமா இருக்கு. "பைதானில் ஸ்ட்ரிங் கற்றேன். அடுத்த மாதம் பைதானை ஆழமாகக் கற்பேன்." ஆழம்னா எத்தனை அடி? மாசக் கடைசியில யாராவது "கத்துக்கிட்டியா?"ன்னு கேட்டா ஆமான்னும் சொல்லலாம், இல்லைன்னும் சொல்லலாம். அப்படிப்பட்ட இலக்கை எழுதினதும் ஒண்ணு, எழுதாததும் ஒண்ணு.

செப்டம்பர்ல இலக்கை மாத்தினேன்: "பைதான் ஏன் செஞ்சிக்கு 6 எழுத்துன்னு சொல்லுது?"

விஷயம் இதுதான். செஞ்சி சுத்துவட்டார ஊர்ப் பெயர்களை வச்சு ஒரு சின்ன தேடல் புரோகிராம் எழுதிட்டிருந்தேன். சும்மா நீளத்தைப் பார்க்கலாம்னு "செஞ்சி"யைக் கொடுத்தா 6ன்னு வந்தது. செ, ஞ், சி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கூட 3ன்னு சொல்லும். நான் இங்கிலீஷ் மீடியம்தான், ஆனா அந்தளவுக்குத் தமிழ் தெரியும்.

யூனிகோடின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் உள்ள இடங்கள் 128 மட்டுமே. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிர், அகர மெய், அப்புறம் கொம்பு, கால், கொக்கி, புள்ளி போன்ற குறிகள், இவற்றுக்குத்தான் எண். மீதியெல்லாம் சேர்க்கை. செ என்பது ச + கொம்பு. ஞ் என்பது ஞ + புள்ளி. சி என்பது ச + கொக்கி. ஆக 6. யூடிஎஃப்-8ல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 18 பைட். இதில் இன்னொரு வேடிக்கை: கண்ணுக்குக் கொம்பு ச-வுக்கு முன்னாடி தெரியும், ஆனா மெமரியில ச-தான் முதல்ல, கொம்பு பின்னாடி. முன்னாடி கொண்டுவந்து வரையுறது ஃபான்ட்டோட வேலை.

இதனால என்ன கெட்டுப்போகுதுன்னு பார்க்கணும்னா "செஞ்சி"யைத் தலைகீழா அச்சடிச்சுப் பாருங்க. "சிஞ்செ" வரணும். வர்றது என்னன்னா, முதல்ல ஒரு புள்ளி வட்டத்துல அநாதையா தொங்குற கொக்கி, அப்புறம் ச், ஞெ, ச. குறிகள் எல்லாம் பக்கத்து வீட்டு எழுத்தோட ஒட்டிக்கும். முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைதான் லைப்ரரியில் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் ஃபங்ஷன் இருக்கு. அதைப் போட்டதும் 3 வந்தது. ஒரு சாயங்காலத்துல முடிஞ்சது.

அடுத்ததுதான் 9 நாள் தின்னது. என் புரோகிராம்ல "தொண்டூர்"னு தேடினா வரலை. லிஸ்ட்ல தொண்டூர் இருக்கு, கண்ணால பார்க்கிறேன். ரெண்டையும் சமமான்னு கேட்டா இல்லைங்குது. ஸ்பேஸ் இருக்கான்னு பார்த்தேன், ஃபைலைத் திரும்ப டவுன்லோட் பண்ணேன், லேப்டாப்பை ரீஸ்டார்ட்கூட பண்ணேன் (சிரிக்காதீங்க). கடைசியில ரெண்டு சொல்லோட நீளத்தையும் அச்சடிச்சேன். ஒண்ணு 8, இன்னொண்ணு 9.

தொ-வில் உள்ள ஒகரக் குறியை ரெண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே எண்ணாக, அல்லது கொம்பு தனி கால் தனி என்று ரெண்டு எண்ணாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் ஊர்ப் பெயர்களை ரெண்டு இடத்துல இருந்து எடுத்து ஒட்டியிருந்தேன், ஒவ்வொண்ணும் ஒரு விதம். ஒ, ஓ, ஔ வரிசையில் வர்ற எல்லா எழுத்துக்கும் இந்த ஆபத்து உண்டு, கோட்டைக்கும் சேர்த்து. தீர்வு ஒரே வரி. யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலைத் தேடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போடணும். பைதான்ல அது கூடவே வருது, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம்.

9 நாளுக்கு ஒரு வரி. பச்சைக் கட்டத்துல இது ஒரே ஒரு கட்டம். அறிக்கையில முக்கால் பக்கம்.

மத்தவங்களோட செய்தது என்கிற தலைப்பு ரொம்ப நாள் காலியா இருந்தது. வாட்ஸ்அப் குரூப்ல சேர்ந்தேன்னு எழுதலாமா? ஹேக்கத்தான்ல டி-ஷர்ட் வாங்கினதை எழுதலாமா? என் கணக்குல, நம்ம வேலையைப் பார்த்து "வேண்டாம்"னு சொல்ல உரிமை உள்ள இன்னொரு ஆள் இருந்தாதான் அது சமூகப் பங்களிப்பு. கிளாஸ்மேட்ஸ் நமக்கு லைக் போடுவாங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

எனக்கு அந்த ஆள் கிடைச்சது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல. 2004ல் தொடங்கிய, யார் வேணா திருத்தக்கூடிய உலக வரைபடம். 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ "மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்" என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிராவில், ஒன்று நம்ம செஞ்சி. ஊரே அதைத்தான் பேசிட்டிருந்தது. சரி, நம்ம பங்குக்கு வரைபடத்தையாவது சரி பண்ணுவோம்னு செப்டம்பர்ல ஒரு ஞாயிறு தம்பியையும் கூட்டிட்டு கிருஷ்ணகிரி ஏறினேன். எல்லாரும் ராஜகிரிக்குத்தான் போவாங்க, இது ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற மலை. கூகுள் மேப்பைப் பார்த்து அப்படியே வரையக் கூடாது, உரிமைப் பிரச்சினை. நேர்ல நடந்து போன்ல ஜிபிஎஸ் பதிவு பண்ணலாம், அனுமதி உள்ள செயற்கைக்கோள் படத்து மேல வரையலாம். பெரிய பாறைகளுக்கு நடுவுல போகும்போது ஜிபிஎஸ் கோடு குடிச்ச மாதிரி ஆடும். அதனால ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. தம்பிக்கு ஒரு சர்பத் கடன்.

ஆர்வக்கோளாறுல இன்னொண்ணும் பண்ணேன். பீஜப்பூர்க்காரர்கள் செஞ்சிக்கு பாதுஷாபாத்னு பெயர் வச்சாங்க. 1698ல் பிடித்த முகலாயர்கள் நுஸ்ரத்கட் என்றார்கள். வெள்ளைக்காரன் ஜின்ஜி. இதெல்லாத்தையும் கோட்டையோட பெயர்க் கட்டத்துலயே ஒண்ணு பின்னாடி ஒண்ணா போட்டுட்டேன்.

6 நாள் கழிச்சு எங்கேயோ இருக்கிற ஒரு மேப்பர் கமென்ட் போட்டிருந்தார். பெயர்க் கட்டத்தில் இன்று ஊரில் வழங்கும் பெயர் மட்டும்தான், பழைய பெயர்களுக்குத் தனிக் கட்டம் இருக்கு, தயவுசெய்து மாத்துங்க. கூடவே இன்னொண்ணு: நான் வரைந்த படிப்பாதை ஏற்கெனவே இருந்த பாதையைத் தொடுற மாதிரி தெரியுது, ஆனா ரெண்டுக்கும் பொதுவான புள்ளி இல்லை. வழி சொல்லும் ஆப் படத்தைப் பார்க்காது, புள்ளியைத்தான் பார்க்கும். பொதுப் புள்ளி இல்லைன்னா அங்க பாதை முடிஞ்சதுன்னு அர்த்தம். தொண்டூர் கதையேதான், கண்ணுக்கு ஒண்ணு, மெஷினுக்கு வேற. முதல்ல கோபம் வந்தது. என் ஊர்க் கோட்டை, எனக்கே சொல்றாரான்னு. மறுநாள் மாத்திட்டேன், நன்றியும் சொன்னேன்.

விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி என்ற குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக் கொடுக்கிற தன்னார்வலர்கள். செஞ்சியில இருந்து ஒரு மணி நேர பஸ். ஒரு ஞாயிறு அங்க போனப்போ ஒரு அக்காகிட்ட என் அறிக்கையைக் காட்டினேன். முழுசா படிச்சுட்டு, "எல்லாம் முடிச்சதாவே இருக்கே, எதுலம்மா மாட்டிக்கிட்டே?"ன்னு கேட்டாங்க. அன்னைக்குத்தான் நாலாவது தலைப்பு வந்தது: முடியாதது. தமிழ்ல தொழில்நுட்பம் படிக்கணும்னா 2012ல் இருந்து வர்ற கணியம் இதழையும் பாருங்க. லினக்ஸ் கமாண்ட் பாதி நான் அங்கதான் புரிஞ்சுக்கிட்டேன்.

இப்போ என் அறிக்கை இப்படித்தான் இருக்கும். அக்டோபர் மாசத்தை அப்படியே ஒட்டுறேன்.

செய்தது: ஊர்த் தேடலில் என்எஃப்சி சேர்த்தேன். 8 டெஸ்ட் எழுதினேன், 7 பாஸ்.
மற்றவர்களோடு: கிருஷ்ணகிரிப் பாதையின் இணைப்பைச் சரிசெய்தேன். ஜூனியர் ஒருத்திக்கு கிட் கற்றுக் கொடுத்தேன். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் எனக்கே சரியாகத் தெரியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.
முடியாதது: 8வது டெஸ்ட். பயனர் "தொண்டுர்" என்று குறில் போட்டுத் தேடினால் வரவில்லை. இதற்கு என்எஃப்சி உதவாது, இது வேறு பிரச்சினை.
கற்க வேண்டியது: தமிழ்99 கீபோர்டில் திரையை மட்டும் பார்த்து ஒரு பக்கம் அடிக்க வேண்டும். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டை வேண்டுமென்றே உண்டாக்கி 3 முறை தீர்க்க வேண்டும்.

எழுத அரை மணி நேரம் ஆகும். மாசக் கடைசியில உட்கார்ந்தா ஞாபகம் வராது, அதனால அன்னன்னைக்கு ஒரு வரி போன்ல போட்டு வைப்பேன். மணிக்கணக்கு எழுதிப் பார்த்தேன், நமக்கு அது செட் ஆகலை. சம்பளம் வாங்குறவங்களுக்கு அது தேவை, எனக்கு அது கில்ட் மட்டும்தான் கொடுத்தது. நவம்பர் அறிக்கை ஒரே வரி: "செமஸ்டர். ஒன்றும் செய்யவில்லை." அதையும் அழிக்காம வச்சிருக்கேன்.

வேலை கிடைச்சுதான்னு கேட்பீங்க. இன்னும் இல்லை. ரெண்டாவது இன்டர்வியூல அதே மாதிரி கேள்வி வந்தது, நான் அக்டோபரைச் சொன்னேன். அவங்க பாஸ் ஆன 7 டெஸ்ட்டைப் பத்திக் கேட்கவே இல்லை. 8வதை எப்படித் தீர்ப்பேன்னு போர்டுல எழுதச் சொன்னாங்க, இருபது நிமிஷம் அதுலயே போச்சு. ரிசல்ட் ஜனவரியில சொல்றோம்னு சொல்லியிருக்காங்க.

இந்தக் கட்டுரையை தமிழ்99லதான் அடிச்சேன். முதல் பக்கம் வரைக்கும் கீபோர்டைப் பார்க்கலை. அப்புறம் பார்த்தேன். டிசம்பர் அறிக்கையில அது "முடியாதது" கீழ போகும்.